பதிவேட்டில் இல்லாத பெயர்

அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்து போற்றக்கெற் நகரில் 'மொடேர்ன் டைனர்' என்றொரு சிற்றுணவகம் தெருவோரமாக நிற்கிறது. 1941இல் செய்யப்பட்ட அதன் ஒரு முனை, புகையிரத இயந்திரத்தின் மூக்கைப் போலவே அமைந்தது. தண்டவாளத்தில் அது என்றுமே ஓடியதில்லை. எனினும் 1978இல், அந்நாட்டின் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் இடம்பெற்ற முதலாவது டைனர் அதுவே.

இவ்வகை உணவகங்களின் பிறப்பு எளியது. 1872இல் அதே மாநிலத்தின் புறொவிடன்ஸ் நகரில், வோல்ரர் ஸ்கொட் என்பவர் பத்திரிகை அலுவலகமொன்றின் அருகே குதிரை வண்டியில் இரவுப் பணியாளருக்கு உணவு விற்றார். பின்னர், சேவையிலிருந்து நீக்கப்பட்ட குதிரைத் திறாம் வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. அவையும் உணவுக் கடைகளாயின. வூஸ்ரர் நகர நிறுவனமொன்று 1906 முதல் 1957 வரை 651 டைனர்களைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டது.

வண்டிக்கு இலக்கம் உண்டு. அடுப்படியில் நின்றவருக்கு? கிரேக்கத்திலிருந்து சென்ற குடியேறிகள் பலர் இத்தொழிலிலேயே காலூன்றினர். இன்றோ அங்கு தஞ்சம் கோருபவர், வேலை அனுமதிக்கே பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். பசி காத்திருப்பதில்லை. ஆகவே சிலர் பின்கதவால் நுழைந்து, அற்பக் கூலிக்குக் கோப்பை கழுவுகின்றனர்.

பழைய இரும்பைப் பேணுவது நற்பண்பே. ஆனால் உணவகத்தைப் பதிவேட்டில் எழுதத் தெரிந்த அரசுக்கு, உள்ளே உழைப்பவரின் பெயரைச் சம்பளப் பதிவேட்டில் எழுத அனுமதிப்பது கடினமன்று. தஞ்சம் கோரும் நாளிலேயே உழைக்கும் உரிமையும் வழங்கப்படவேண்டும்.