சிப்புக்கு ஏன் சவுக்கடி?

"சித்தப்பா! என் கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டப் போகிறேன். காலணா செலவு இல்லை. சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் போதும்!"

என் அண்ணன் மகன் இப்படிச் சொன்னான்.

"வேண்டாம்" என்றேன்.

"ஏன் சித்தப்பா? எத்தனையோ பேர் ஏற்றுகிறார்கள். அவர்கள் கம்ப்யூட்டர் எல்லாம் ஓடத்தானே செய்கிறது?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லுகிறேன்.

வேகம் எப்படிக் கூடுகிறது?

கம்ப்யூட்டருக்கு மூளை போன்றது சிப். அந்தச் சின்னஞ்சிறு துண்டுக்குள் கோடிக்கணக்கான சுவிட்சுகள் இருக்கின்றன. அவை திறப்பதும் மூடுவதும்தான் கணக்கு.

வோல்டேஜ் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். அழுத்தம் கூடினால் சுவிட்சு சீக்கிரம் திறக்கும், சீக்கிரம் மூடும். அதனால் வேகத்தைக் கூட்ட முடிகிறது. பையன் சொன்னது பொய் அல்ல.

ஆனால், அதற்கு விலை உண்டு.

வோல்டேஜை 10 சதவிகிதம் ஏற்றினால், சுவிட்சுகள் தின்னும் மின்சாரமும் 10 சதவிகிதம்தான் கூடும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. ஏறக்குறைய 21 சதவிகிதம் கூடும்! 20 சதவிகிதம் ஏற்றினால் 44 சதவிகிதம் கூடும். அத்தனையும் சூடாக மாறும். வேகத்தையும் கூட்டினால், அதற்கு மேலும் சூடு!

மெல்லிய சுவர்

சூட்டை மின்விசிறி வைத்துத் தணிக்கலாம். விசிறியால் தணிக்க முடியாத ஆபத்து ஒன்று இருக்கிறது.

சிப்பில் உள்ள ஒவ்வொரு சுவிட்சிலும், மின்சாரத்தைத் தடுக்கும் சுவர் ஒன்று உண்டு. அதன் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் 20 ஆண்டுகளுக்கு முன்பு செய்த சிப்புகளிலேயே, அது 1.2 நானோ மீட்டர்தான். தலைமயிரின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஒன்றின்மேல் ஒன்றாகச் சில அணுக்களை அடுக்கினால், அவ்வளவுதான் சுவர்!

அந்தச் சுவர் மீது 1 வோல்ட் அழுத்தினால் என்ன ஆகும்? மில்லி மீட்டர் கணக்கில் பார்த்தால், அது 8 லட்சம் வோல்ட்டுக்கு மேல்! காற்றாக இருந்தால், ஒரு மில்லி மீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட்டிலேயே பொறி பறந்துவிடும்.

அழுத்தம் கூடக்கூடச் சுவர் வேகமாகத் தேயும். உள்ளே ஓடும் கம்பிகளும் தேயும். வெள்ளம் ஆற்றங்கரையை அரிப்பதுபோல், மின்சார ஓட்டம் கம்பியின் அணுக்களை நகர்த்திக்கொண்டு போகும். சூடும் சேர்ந்தால், அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

பழைய குண்டு பல்பு நினைவிருக்கிறதா? வோல்டேஜ் 5 சதவிகிதம் கூடினால், அது பளிச்சென்று எரியும். அதன் ஆயுளோ ஏறக்குறையப் பாதியாகிவிடும்!

"ஓடுகிறதே!"

"அப்படியானால், ஏற்றியவர்களின் கம்ப்யூட்டர் ஏன் ஓடுகிறது?"

இதுதான் முக்கியமான கேள்வி.

இத்தனை வோல்ட்டுக்கு மேல் கூடாது என்று எழுதும்போது, செய்தவர்கள் கொஞ்சம் இடம் விட்டுத்தான் எழுதுகிறார்கள். கோடை வெயில் வரும். விசிறியில் தூசி அடையும். சிப்புக்கும் வயதாகும். அந்த நாளைக்கு உதவட்டும் என்று வைத்த மிச்சம் அது.

அந்த மிச்சம், வீட்டில் வைத்திருக்கும் விதை நெல் மாதிரி. எடுத்துப் பொங்கினால் இன்றைக்குச் சாப்பாடு உண்டு. விதைக்கும் நாளில் என்ன செய்வது?

ஒரு நிறுவனத்தின் கதை

சிப் செய்வதில் பெயர் பெற்றது இன்டெல் நிறுவனம். 2022, 2023-ம் ஆண்டுகளில் அது விற்ற சில மேசைக் கம்ப்யூட்டர் சிப்புகள், நடுவில் நின்றுபோவதாகப் பலர் புகார் செய்தார்கள். 2024-ல் உண்மை வெளிவந்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கும்படி, சிப்புக்குள் இருந்த கட்டளையே தவறாக அமைந்துவிட்டது!

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதம் புதிய கட்டளை வந்தது. 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி அது தடுத்தது. ஆனால், ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை எந்தக் கட்டளையாலும் குணப்படுத்த முடியவில்லை. மாற்றித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. உத்தரவாதமும் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டது.

சிப்பைச் செய்தவர்களே தவறிய இடத்தில், நாம் குத்துமதிப்பாகக் கை வைக்கலாமா?

போட்டி வேறு, வீடு வேறு

போட்டிக்காக வோல்டேஜை ஏற்றுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. 2011-ல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் சிப் ஒன்றைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து, வினாடிக்கு 842 கோடிக்கு மேல் துடிக்க வைத்தார்கள். கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. அவர்களுக்கு விஷயம் தெரியும். சிப் போனாலும், நஷ்டம் அவர்களுடையது.

வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படியா? தவணை கட்டி வாங்கியது. அதில் பிள்ளைகளின் பாடம் இருக்கிறது. கடைக் கணக்கு இருக்கிறது. கல்யாணப் படங்கள் இருக்கின்றன. தேய்ந்த சிப் எப்போதும் புகைந்து சாவதில்லை. சில சமயம் கணக்கைத் தப்பாகப் போடும். சேர்த்து வைத்ததைக் கெடுத்துவிடும்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா? "வோல்டேஜை ஏற்றி ஓட்டினீர்களா?" என்று விற்கிறவரிடம் கேளுங்கள். ஏற்றியிருந்தால், அதை ரசீதில் எழுதித் தருவதுதான் நேர்மை. வாங்குகிறவருக்குத் தெரியாமல் அவர் சொத்தின் ஆயுளைச் செலவழிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

பையன் யோசித்தான். பிறகு, விசிறியில் இருந்த தூசியைத் தட்டத் தொடங்கினான். அதுவே பாதி வைத்தியம்!

சவுக்கால் அடித்தால் வண்டி மாடு கொஞ்ச தூரம் வேகமாக ஓடும். முடியாவிட்டால், நுரை தள்ளியாவது நமக்குச் சொல்லும். சிப் அதுகூடச் சொல்லாது. அதற்காகப் பேசுவது, அதைச் செய்தவர்கள் எழுதிய வோல்ட் கணக்கு ஒன்றுதான். அதைக் கேட்டு நடப்போம்.