படியேற முடிந்தவர்களின் பக்தி

பௌர்ணமிப் போயா நாளில் கண்டியைச் சுற்றிய விகாரைகளில் வெள்ளையுடுத்தி, ‘சில்’ எனும் பௌத்த விரதம் எடுத்து அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் முதியவர்கள். கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலின் வெள்ளிக்கிழமைப் பூசையிலும் நரைத்த தலைகளே அதிகம். 2012 கணக்கெடுப்பிலேயே இலங்கையரில் 12.4 சதவீதம் பேர் அறுபதைக் கடந்திருந்தார்கள். கடவுள் பக்தி இவர்களின் ஆயுளைக் கூட்டுமா என்று கேட்பதைவிட, கோயிலுக்குப் போய்வருவது என்ன செய்கிறது என்று கேட்பது பயனுள்ளது. அமெரிக்கத் தாதியர் எழுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியான ஆய்வில், வாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தேவாலயம் சென்றவர்களின் இறப்பு விகிதம், போகாதவர்களைவிட 33 சதவீதம் குறைவாக இருந்தது. அந்த வித்தியாசத்தில் ஏறத்தாழக் கால் பங்குக்குச் சமூக ஆதரவும், ஐந்தில் ஒரு பங்குக்குப் புகைபிடிக்காமையும் காரணமாகத் தெரிந்தன. மாறாக, பைபாஸ் சிகிச்சை பெற்ற 1,802 பேருக்காகப் பிறரைப் பிரார்த்திக்கச் செய்த 2006ஆம் ஆண்டுப் பரிசோதனையில் ஒரு பலனும் தென்படவில்லை. முகந்தெரியாதவரின் வேண்டுதல் வேறு, சொந்த நம்பிக்கை வேறு என்பது நியாயமே. ஆனாலும் நாலு பேரோடு கூடுவதில்தான் பலனின் கணிசமான பகுதி இருக்கிறது என்ற என் எண்ணத்தை அது அசைக்கவில்லை.

படியேற முடிந்தவர்தானே கோயிலுக்குப் போகிறார், ஆரோக்கியம்தான் பக்தியைத் தருகிறது என்பார்கள். வலுவான ஆட்சேபம். தாதியர் ஆய்வு முன்பிருந்த உடல்நிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை என்றாலும், அமெரிக்கத் தாதியரின் கணக்கை அப்படியே நம் மலைநாட்டு ஹந்தானைக்கோ கலஹாவுக்கோ கொண்டுவர முடியாது. ஆனால் மலைநாட்டில் இந்த ஆட்சேபமே என் வாதத்துக்குத் துணை. தோட்ட லயத்திலிருந்து கோயிலடிக்கு இறங்கி ஏற முழங்கால் விடாத நாளில், ஒரு பாட்டி பூசையை மட்டுமல்ல, அங்கே சுகம் விசாரிக்கும் நாலு பேரையும் இழக்கிறார். கிளினிக்கில் பிரஷர் பார்ப்பவர், “அம்மா, கோயிலுக்குப் போறதை எப்ப விட்டீங்க?” என்றும் கேட்கலாம். பல குளிசைச் சீட்டுகள் சொல்லாததை அந்தப் பதில் சொல்லும்.

பக்தி உடம்பைப் படுத்துவதும் உண்டு. சில் எடுத்தவர் நண்பகலுக்குப் பின் சாப்பிடுவதில்லை. சீனி வருத்தத்துக்கு மருந்தெடுப்பவருக்கு அது ஆபத்து, அதற்குப் பதிலாகக் கொடுக்கும் கிலன்பச எனும் இனிப்பான பானத்தைக் குடித்தால் வேறொரு சிக்கல். 2025 ஏப்ரலில், பதினாறு ஆண்டுகளுக்குப் பின் கண்டியில் நடந்த சிறி தலதா எனும் புனித தந்த வழிபாட்டின் நெடிய வரிசைகளில் பலர் சுகவீனமுற்றார்கள். விரதத்தைத் தளர்த்துவது மதவிரோதமா? இயலாத முதியவர் நோன்புக்குப் பதிலாக ஏழைக்கு உணவளிக்கலாம் என்று இஸ்லாமே வழிவிட்டிருக்கிறது. போயா அரச விடுமுறை, கிளினிக் நடப்பதில்லை. பிரஷரும் சீனியும் பார்க்கவேண்டியவர்களோ அன்றைக்கு விகாரை மண்டபத்தில் ஒன்றாக இருக்கிறார்கள். ஒரு தாதியையும் இரண்டு கருவிகளையும் அங்கே அனுப்புவது பெரிய செலவல்ல. வழிபாட்டிடத்தை ஆஸ்பத்திரி ஆக்குவதா என்று முகம் சுளிப்பவர்கள், மிகிந்தலை மலையடியில் துறவிகளுக்காக ஒன்பதாம் நூற்றாண்டில் எழுந்த வைத்தியசாலையின் இடிபாடுகளைப் போய்ப் பார்க்கலாம்.