மாணவர் மீதா பழி?



எங்கள் கணினிக்கூடத்தில் வரைபட மென்பொருள் திறக்கவில்லை. 'உரிமம் கிடைக்கவில்லை' என்றது திரை. மாணவர்கள் எதையோ அழுத்திவிட்டார்களாம்! உடனே தீர்ப்பு வழங்கப்பட்டது.

நான் பதிவுக்கோப்பைப் பார்த்தேன். உரிம வழங்கியின் பழுதான வலையட்டையை விற்பனையாளரே மாற்றியிருந்தார். ஃபிளெக்ஸ்நெட் உரிமக் கோப்போ பழைய அட்டையின் மேக் முகவரியோடு பிணைந்திருந்தது. புதிய கோப்பு வந்தும் திறக்கவில்லை. 27000ஆம் வாயில் திறந்தே இருந்தது. ஆனால் விற்பனையாளரின் துணைநிரல் ஒவ்வொரு தொடக்கத்திலும் வேறொரு வாயிலைத் தேர்ந்தெடுக்க, தீயரண் அதனைத் தடுத்தது. கோப்பில் அவ்வாயிலுக்கும் நிலையான எண் கொடுத்து, தீயரணில் அனுமதித்தேன். தீர்ந்தது.

பெற்றோர் பணத்தில் வாங்கிய மென்பொருளுக்கு இவ்விரண்டையும் எழுதித் தராதவரிடம் இனி வாங்கவே கூடாது என்பேன். ஏசப்பட்ட மாணவர்களிடம் இதுவரை எவரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.