உயிரி ஊக்கி: அளந்து பார்ப்பதே அறிவு

பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தான் வட்டாரத்தில் செம்பனையும் நெல்லும் முக்கியப் பயிர்களாகும். வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும் இக்காலத்தில், பயிருக்குத் தாங்கும் ஆற்றல் தரும் எனக் கூறி உயிரி ஊக்கிகள் விற்கப்படுகின்றன. சிறு விவசாயிகள் இவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்?

உயிரி ஊக்கி என்பது உரமன்று; பூச்சிக்கொல்லியும் அன்று. கடற்பாசிச் சாறு, ஹியூமிக் அமிலம், வேரோடு இணைந்து வாழும் பூஞ்சைகள் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. நீர் குறையும்போது பயிர் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. அதனால் நீர் இழப்பு குறைகிறது. ஆனால், உணவு தயாரிப்பும் குறைகிறது. அவ்வேளையில் வேர்ப்பூஞ்சைகள் மண்ணில் மெல்லிய இழைகளைப் பரப்பி, வேர் எட்டாத இடத்திலுள்ள நீரையும் சத்தையும் கொண்டு வந்து தருகின்றன. கடற்பாசிச் சாறு வேர் வளர்ச்சியைத் தூண்டக்கூடியது. எனவே, இவற்றை வெறும் ஏமாற்று என்று ஒதுக்கிவிடக்கூடாது.

எனினும், ஊக்கி ஒருபோதும் மண் பராமரிப்புக்கு மாற்றாகாது. பேராக்கின் கரையோரப் பகுதிகளில் கந்தகத் தாது கலந்த களிமண் உண்டு. வாய்க்காலில் நீர்மட்டம் மிகவும் இறங்கினால், அம்மண்ணில் காற்று புகுந்து அமிலம் உண்டாகும். அங்கு முதலில் செய்ய வேண்டியது, வாய்க்காலில் தடுப்பு அமைத்து நீர்மட்டத்தைக் காப்பதே. அதைச் செய்யாமல் ஊக்கி தெளிப்பது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

செம்பனையில் மேலும் ஒரு சிக்கல் உள்ளது. ஒரு குலை அறுவடைக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பூங்கொத்து ஆணா, பெண்ணா என்பது முடிவாகிவிடுகிறது. வறட்சியில் ஆண் பூங்கொத்துகள் பெருகுவதால், பின்னாளில் குலைகள் குறைகின்றன. எல் நினோ வறட்சிக்குப் பின், மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015-இல் இருந்த 19.96 மில்லியன் டன்னிலிருந்து 2016-இல் 17.32 மில்லியன் டன்னாகச் சரிந்தது. ஆகவே, இன்று ஊக்கி தெளித்துவிட்டு, அடுத்த மாதம் வெட்டிய குலையைச் சான்றாகக் காட்டுவது ஏற்கத்தக்கதன்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய விதியின்படி, அதன் தரக்குறி பெறும் ஊக்கி தன் சிட்டையில் கூறும் பலனை, குறிப்பிட்ட பயிரில் உண்மையாகவே தர வேண்டும். இந்தியாவும் 2021-இல் இப்பொருள்களை உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ்க் கொண்டு வந்தது. வாங்கும் விவசாயியும் கடைக்காரரிடம் எந்தப் பயிரில், எந்த மண்ணில் சோதிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்.

அத்துடன், தன் நிலத்திலேயே சோதித்துப் பார்ப்பது சிறந்தது. ஒரே வயலில் இரண்டு பாத்திகளை ஒதுக்கி, இரண்டிற்கும் ஒரே உரமும் நீரும் இட்டு, ஒன்றில் மட்டும் ஊக்கி தெளிக்கலாம். அறுவடையில் இரண்டையும் தனித்தனியே எடை போட வேண்டும். கூடுதல் விளைச்சலின் விலை ஊக்கியின் விலையைவிடக் குறைவாயின், அதனால் பயனில்லை. ஒரே முறையில் முடிவு செய்யாமல், அடுத்த பருவத்திலும் மீண்டும் சோதிப்பது நன்று. செம்பனைக்கோ சில ஆண்டுக் கணக்கு தேவை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. வயலில் போடுவதற்கும் அது பொருந்தும். புதிய தொழில்நுட்பத்தை வெறுப்பதும் தவறு. விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்குவதும் தவறு. அளந்து பார்த்து ஏற்பதே அறிவுடைய உழவரின் வழியாகும்.