லிக்விட் கூலர்: விலையை அப்புறம் பாருங்க, ஆயுளை முதல்ல பாருங்க



நம்ம பட்ஜெட் வீடியோவுக்குக் கீழே ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, சொந்தமா பிசி அசெம்பிள் பண்றேன். 360 எம்எம் லிக்விட் கூலர் போடலாமா? நோ காஸ்ட் இஎம்ஐ-யும் இருக்கு." இதுக்கு கமெண்ட்ல ஒரு வரியில பதில் சொல்ல முடியல. ஏன்னா, இந்த விஷயத்துல நான் சூடு கண்ட பூனை.

சேனலுக்கு எடிட்டிங் பண்ண நானும் ஆசையா ஒரு லிக்விட் கூலர் போட்டேன். 3 வருஷ வாரண்டி. அது முடிஞ்சு நாலு மாசம் இருக்கும். செப்டம்பர் கடைசி வாரம், டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் போடவேண்டிய நேரம். சிஸ்டம் ஆன் பண்ணா அஞ்சு நிமிஷத்துல ஆஃப் ஆகுது. கடைக்காரர் பார்த்துட்டு, "பம்ப் போயிடுச்சு சார். இதைப் பிரிச்சு ரிப்பேர் பண்ண முடியாது, மொத்தமா மாத்தணும்"னு சொன்னார். அன்னைக்குச் சாயங்காலமே ஒரு சாதாரண ஏர் கூலர் வாங்கி மாட்டினேன். இன்னைக்கு வரைக்கும் அதுதான் ஓடுது.

இந்த லிக்விட் கூலர்ல என்ன இருக்குன்னு பார்ப்போம். பிராசஸர் மேல ஒரு செம்புத் தகடு, தண்ணீர் கலந்த திரவத்தைச் சுத்த வைக்கிற ஒரு குட்டி பம்ப், ரெண்டு ரப்பர் டியூப், ஒரு ரேடியேட்டர், அதுல ஃபேன்கள். பிராசஸரின் சூட்டை திரவம் எடுத்துட்டுப் போய் ரேடியேட்டர்ல கொட்டுது. அங்கிருந்து ஃபேன் அதை வெளியே தள்ளுது. எந்தக் கூலரா இருந்தாலும் சூடு கடைசியில உங்க ரூமுக்குள்ளதான் வருது. ரூம் 35 டிகிரியில இருந்தா, உள்ளே இருக்கிற திரவம் அதுக்குக் கீழே போகவே போகாது. அதனால இதை ஏசி மாதிரி நினைக்காதீங்க.

இப்போ கணக்குக்கு வருவோம். ஏர் கூலர்ல அசையுற பாகம் ஃபேன் மட்டும்தான். அது போனா ஃபேனை மட்டும் மாத்திக்கலாம். ஆனா லிக்விட் கூலர்ல பம்ப் தேயும், டியூப் வழியா திரவமும் வருஷக்கணக்கில கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகிக் குறையும். அதாவது இதுக்கு ஒரு எக்ஸ்பயரி இருக்கு.

உதாரணத்துக்கு, லிக்விட் கூலர் 12,000 ரூபாய், 6 வருஷம் உழைக்குதுன்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 2,000. ஏர் கூலர் 4,000 ரூபாய், 10 வருஷம். வருஷத்துக்கு 400. கடையில பார்க்கும்போது 3 மடங்கா தெரிஞ்ச வித்தியாசம், ஆயுளையும் சேர்த்தா 5 மடங்கு. பொருளோட விலைக்கும் அதோட செலவுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இந்த மிச்சக் காசை எஸ்ஐபி-ல போட்டா கோடீஸ்வரர் ஆகிடலாம்னு நான் கதை விடப்போறதில்லை. ஆனா ஒவ்வொரு பாகத்துலயும் இப்படி விட்டுக்கொடுத்தா, எமர்ஜென்சி ஃபண்டுல ஒரு மாசச் செலவு காணாமப் போயிடும்.

அப்போ யாருமே வாங்கக்கூடாதா? அப்படி இல்லை. உங்க பிராசஸரைப் பாருங்க. ரைசன் 5 7600 மாதிரி 65 வாட் பிராசஸருக்கு பெட்டியிலேயே ஒரு கூலர் வருது. ஆபீஸ் வேலை, கோடிங், சாயங்காலம் கொஞ்சம் கேம், இதுக்கெல்லாம் அதுவே போதும். சத்தம் தொந்தரவா இருந்தா நடுத்தர விலையில ஒரு ஏர் கூலர் போடுங்க. கோர் ஐ9-14900கே மாதிரி 253 வாட் வரைக்கும் இழுக்கிற பிராசஸர்ல மணிக்கணக்கா ரெண்டரிங் பண்றீங்க, அதுல வருமானமும் வருதுன்னா, 360 எம்எம் லிக்விட் கூலருக்கு நியாயம் இருக்கு. அங்கே அது தொழில் செலவு. கணக்குப் புத்தகம் வெச்சு தொழில் பண்றவங்க கம்ப்யூட்டருக்கு 40% தேய்மானம் காட்டலாம். சம்பளக்காரங்களுக்கு அந்த வழி கிடையாது. உங்களுக்கு இது வரி கட்டின பிறகு கையில மிஞ்சுற காசு.

அடுத்து, நோ காஸ்ட் இஎம்ஐ. பேங்க் வட்டி போடத்தான் செய்யுது. அந்தத் தொகையை கடைக்காரர் விலையில தள்ளுபடியா கழிச்சுக் காட்டுறார். ஆனா வட்டி மேல வர்ற 18% ஜிஎஸ்டி உங்க தலையிலதான். வட்டி 500 ரூபாய்னா ஜிஎஸ்டி 90. பிராசஸிங் ஃபீஸ் 199, அதுக்கு ஜிஎஸ்டி 36. ஆக மொத்தம் 325 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனா 'நோ காஸ்ட்' இல்லை. ஒரு கூலருக்கே இஎம்ஐ தேவைப்படுதுன்னா, அந்தக் கூலர் உங்க பட்ஜெட்டுக்கு மேல இருக்குன்னு அர்த்தம்.

இவ்வளவு சொல்லியும், "அண்ணா, கண்ணாடி கேஸ்ல லைட்டோட பார்க்கவே அழகா இருக்கு"ன்னு தோணுதா? தாராளமா வாங்குங்க. அதுல தப்பே இல்லை. ஆனா அதை 'ஆசைச் செலவு'ன்னு எழுதுங்க, 'பெர்ஃபார்மன்ஸ் முதலீடு'ன்னு எழுதாதீங்க. வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க:

1. வாரண்டி எத்தனை வருஷம்? 5 வருஷத்துக்குக் குறைஞ்சா யோசிங்க.
2. கசிஞ்சு மதர்போர்டு, கிராஃபிக்ஸ் கார்டு கெட்டா ஈடு உண்டா? சில பிராண்டுகள் தர்றாங்க. எழுத்துல இருக்கான்னு படிங்க.
3. உங்க பேர்ல ஜிஎஸ்டி பில் இருக்கா? பில் இல்லாம வாரண்டி கேட்டு அலையாதீங்க.

தம்பிக்கு என் பதில்: உங்க வேலைக்கு ஏர் கூலரே போதும். மிச்ச காசுல ரேம், இல்லைன்னா நல்ல பவர் சப்ளை வாங்குங்க. மூணு வருஷம் கழிச்சு, ஒரு கெடு தேதிக்கு முந்தின நாள், சிஸ்டம் ஒழுங்கா ஆன் ஆகும்போது என்னை நினைச்சுக்குவீங்க.

உங்க பில்டுல எந்தக் கூலர், எத்தனை வருஷமா ஓடுதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்.