ஆறு ஒன்று, பெயர் பல



மதுரையை அடுத்த பரவையில் உறவினர் இல்ல நிக்காஹ்வுக்குச் சென்றிருந்தேன். உடன் வந்த பேரன், "நன்னா, பாடநூலில் வையை என்று இருக்கிறதே, அது எந்த ஆறு?" என்று வினவினான். "நம் வைகையேதான்" என்றேன். பரிபாடலில் அது வையை; வடமொழியாளருக்கு வேகவதி; இன்று நமக்கு வைகை.

இது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஐரோப்பாவில் பத்து நாடுகளைத் தொட்டுச் செல்லும் ஆறு ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதனை டான்யூப் என்பர். ஜெர்மானியருக்கு அது டோனாவ், ஹங்கேரியருக்குத் துனா, செர்பியருக்குத் துனாவ், ருமேனியருக்குத் துனெரியா. உஸ்மானியத் துருக்கியர் அதைத் தூனா என்றனர். ஒவ்வொரு மக்களும் தத்தம் நாவிற்கு இசைந்தவாறு ஒரே பெயரை வளைத்துக் கொண்டனர். நம் கொள்ளிடத்தை வெள்ளையர் 'கோலரூன்' ஆக்கியதும் இவ்வாறே.

ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரின் வழியே ஓடும் ஆற்றுக்கு உரோமர் இட்ட பெயர் பேத்திஸ். அரபு மக்கள் அதனை 'அல்வாதி அல்கபீர்', அதாவது பெரிய ஆறு என்றழைத்தனர். 1236-இல் அந்நகரில் முஸ்லிம் ஆட்சி முடிவுற்றது. ஆனால் ஸ்பானியர் இன்றும் அந்த ஆற்றைக் 'குவாதல்கிவிர்' என்றே அழைக்கின்றனர். ஆட்சி போயிற்று, பெயர் நிலைத்தது!

இவற்றையெல்லாம் கூறி முடித்தபோது பேரன் ஆற்றையே பார்த்துக் கொண்டிருந்தான். "பெயர் சரி நன்னா, தண்ணீர் எங்கே?" என்றான். நான் வாயடைத்துப் போனேன்.

அரபு நாட்டில் 'வாதி' என்பது பெரும்பாலும் மழை பெய்தால் மட்டும் நீரோடும் வறண்ட படுகையாகும். 1895 முதல் பெரியாற்று நீர் மலைச் சுரங்கத்தின் வழியே நம் வைகைக்கு வருகிறது. 1959-இல் ஆண்டிபட்டி அருகே அணையும் எழுந்தது. அத்தனைக்குப் பின்னும் ஆண்டில் பல மாதங்கள் வைகை மணலும் முட்புதருமாகக் கிடக்கிறது. ஓடுகின்ற சிறிதளவு நீரிலும் நம் இல்லங்களின் சாக்கடை கலக்கிறது.

பெயர்கள் நாவில் வாழும். அவற்றைக் காக்கப் பெருமுயற்சி வேண்டுவதில்லை. நீரோ அவ்வாறன்று. குப்பையை ஆற்றில் எறியாதிருப்பதும், கழிவுநீரை அதில் விடாதிருப்பதும் நம் ஒவ்வொரு வீட்டாலும் இயல்வதே. நம் பேரர்களின் பிள்ளைகள் 'வைகை' என்னும்போது அதில் நீரும் இருக்க வேண்டாமா? சிந்திப்போமாக!