எட்டா, நாலா?

மாடி போர்ஷனில் இருக்கும் பையன் சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. போன வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"என்னப்பா, காதல் தோல்வியா?"

"அதுக்கெல்லாம் ஏது சார் நேரம்? மெமோ குடுப்பாங்க போலிருக்கு."

விஷயம் இதுதான். யாரோ எப்போதோ எழுதிய புரோகிராமில் பையன் ஒரே ஒரு வரியைத் திருத்தினான். ஒரு மாதம் கழித்து அது கஸ்டமரிடம் போய்ப் படுத்துவிட்டது. எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டது என்று காட்ட, 'கிட்' என்ற சாஃப்ட்வேரில் ஒரு கட்டளை உண்டு. பெயரே 'பிளேம்'. பழி! போட்டுப் பார்த்தால் 900 வரியிலும் இவன் பெயர்.

"ஒரு வரிதான் சார் தொட்டேன். அம்மா சத்தியமா!"

சத்தியமெல்லாம் வேண்டாம். குற்றவாளி, கீபோர்டின் இடது ஓரத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் டேப் கீ.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவர்களுக்கு அதைத் தெரியும். பட்டியல் அடிக்கும்போது ஒரே தட்டில் அடுத்த பத்திக்குத் தள்ளிவிடும். கம்ப்யூட்டரில் அது வெறும் ஓர் எழுத்து. ஆஸ்கி வரிசையில் 9-ம் எண். அர்த்தம், 'அடுத்த ஸ்டாப் வரை போ.' ஸ்டாப் எத்தனை எழுத்துக்கு ஒன்று? அந்தத் தகவல் ஃபைலில் கிடையாது. யூனிக்ஸ்காரர்களின் பழைய வழக்கம் 8. இன்று பலர் வைத்துக்கொள்வது 4. பையனின் எடிட்டர், சேவ் பண்ணும்போது டேப்பையெல்லாம் நாலு நாலு ஸ்பேஸாக மாற்றிவிட்டது. திரையில் அவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கிட்டுக்குத் தெரிந்தது. அதற்கு 900 வரியும் புதுசு.

வரி முடிவிலும் இதே வம்பு உண்டு. விண்டோஸ் வழக்கத்தில் 13, 10 என்று இரண்டு எழுத்து. யூனிக்ஸில் 10 மட்டும். கண்ணுக்குத் தெரியாத சமாசாரத்தில்தான் சண்டை அதிகம்.

'மேக்' என்ற புரோகிராமை 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதினார். அதில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்கவேண்டும். ஸ்பேஸ் போட்டால் எரர். இது தப்பு என்று அவருக்கே சீக்கிரம் உறைத்தது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் உபயோகிக்க ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டார். பிறகு வந்த லட்சக்கணக்கானவர்கள் அந்த டஜனுக்காக அவஸ்தைப்பட்டார்கள்.

"இதுக்கு வழியே இல்லையா சார்?"

உண்டு. எப்படிப் படிக்கவேண்டும் என்பதை ஃபைலிலேயே எழுதிவிடுவது. 'விம்' எடிட்டரில் இதற்கு மோட்லைன் என்று பெயர். ஃபைலின் முதல் ஐந்து அல்லது கடைசி ஐந்து வரிகளுக்குள், 'டேப் அகலம் 4, டேப்புக்குப் பதில் ஸ்பேஸ்' என்று சுருக்கெழுத்தில் குறித்துவிட்டால், திறந்ததும் எடிட்டர் கீழ்ப்படியும். 'ஈமேக்ஸி'லும் இப்படி ஒன்று உண்டு.

கீழ்ப்படிவதிலும் ஆபத்து இருக்கிறது. 2019-ல் விம்மில் ஓர் ஓட்டை கண்டுபிடித்தார்கள். விஷமமான மோட்லைன் உள்ள ஃபைலைத் திறந்தாலே, அதில் ஒளித்துவைத்த கட்டளை உங்கள் மெஷினில் ஓடிவிடும். உடனே அடைத்தார்கள். வேறு வழி, 'எடிட்டர்கான்ஃபிக்'. புராஜெக்டுக்கு ஒரு குட்டி ஃபைல். டேப்பா, ஸ்பேஸா, எத்தனை, வரி முடிவு எது, எல்லாம் அதில் இருக்கும். பெரும்பாலான எடிட்டர்கள் அதை மதிக்கும்.

"அது இனிமேலுக்கு. இப்போ என் கதி?"

"பிளேமோட 'டபிள்யூ' ஆப்ஷன் சேர்த்துப் போடு. ஸ்பேஸ் மாற்றத்தைக் கண்டுக்காது."

நேற்று வந்தான். கையில் ஸ்வீட் பாக்ஸ். 899 வரிகள் பழைய ஆசாமிகள் பெயருக்குத் திரும்பிப் போய்விட்டனவாம். கோளாறு அவற்றில் ஒன்றில்.

"யார் எழுதினதாம்?"

"எங்க மேனேஜர் சார். ஜாயின் பண்ண புதுசுல."

மெமோ வரவில்லை.